சேலத்துல டூலா வச்சுப் பிரசவம்: அனுமதி, செலவு, பேப்பர், நேரம் எல்லாம் வரிசையா

என் தங்கச்சி கல்யாணம் ஆகி ஏற்காட்டுல இருக்கா, நான் சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம். தலைப்பிரசவம்கறதால வளைகாப்பு முடிஞ்சு எங்க வீட்டுக்கு வந்துட்டா, டூலா, அதாவது பிரசவத்துல கூடவே இருக்கறதுக்குப் பயிற்சி எடுத்த துணை, ஒருத்தங்க கூட இருக்கணும்னு அவளுக்கு ரொம்ப ஆசை, ஏற்பாடு முழுக்க என் தலையில. அப்ப பட்ட அலைச்சல் கொஞ்சம் இல்ல. டூலான்னா யாருன்னு சொல்ற வீடியோ நிறைய இருக்கு, ஆனா சேலம் மாதிரி ஊர்ல ஆஸ்பத்திரில யாரைப் பார்த்துக் கேட்கணும், எத்தனாவது மாசத்துல கேட்கணும், எவ்வளவு காசு ஆகும், கடைசி நேரத்துல எங்க நிறுத்துவாங்க, இதை யாரும் எழுதி வைக்கல. அதைத்தான் எழுதறேன். வயித்துல பிள்ளையோட இருக்கறவங்களும் படிக்கலாம், அவங்களுக்காக ஓடப் போற அக்கா, அம்மா, வீட்டுக்காரர் யாரா இருந்தாலும் படிக்கலாம்.

1. டூலா எதுக்கு, எதுக்கு இல்ல

வலி ஆரம்பிச்சதுல இருந்து குழந்தை பிறந்து பால் குடிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருக்கற பயிற்சி எடுத்த துணைதான் டூலா. இடுப்பை அழுத்திப் பிடிச்சு விடுவாங்க, முதுகுல சுடுதண்ணி ஒத்தடம் கொடுப்பாங்க, மூச்சு விடறதுக்குக் கூடவே எண்ணிக்கிட்டு இருப்பாங்க, நடக்க வைப்பாங்க, பந்து மேல உட்கார வைப்பாங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைப்பாங்க, மடக்கு மடக்கா தண்ணி கொடுப்பாங்க. டாக்டர் வந்து ஏதோ சொல்லிட்டு வேகமாப் போயிட்டா அது என்னன்னு பொறுமையாப் புரிய வைப்பாங்க. வீட்டுக்காரர் பயந்து போய் ஓரமா நின்னா அவருக்கும் ஒரு வேலை கொடுத்துப் பக்கத்துல நிறுத்துவாங்க.

அவங்க செய்யக் கூடாதது: பிபி பார்க்கறது, உள்ள கை விட்டு எத்தனை விரல் திறந்திருக்குன்னு பார்க்கறது, குழந்தை இதயத்துடிப்பு பார்க்கறது, ஊசி, மாத்திரை, பிரசவம் பார்க்கறது. இதுல ஒண்ணைக் கூட டூலா செய்ய மாட்டாங்க, செய்யறேன்னு சொன்னா அந்த இடத்துலயே வேண்டாம்னு சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட உங்களுக்குப் பதிலா முடிவு சொல்றதும் அவங்க வேலை இல்ல, கேள்வி கேட்க உங்களுக்குத் தைரியம் கொடுப்பாங்க, கேட்கறது நீங்கதான். முக்கியமா, டூலா இருக்காங்கன்னு சொல்லி வீட்டுலயே பிரசவம்ங்கற பேச்சுக்கே போகாதீங்க. ரத்தப்போக்கு வந்தா நிமிஷக் கணக்குல உயிர் போற விஷயம், அதுக்கு டூலாகிட்ட எந்த மருந்தும் கிடையாது.

2. காசு கொடுக்கற அளவுக்குப் பலன் இருக்கா

இதை நானும் முதல்ல நம்பல, தேடிப் படிச்சேன். மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசற காக்ரேன்ங்கற அமைப்பு 2017ல வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புல 26 ஆய்வுகள், 17 நாடுகள், 15,000க்கும் மேல பெண்கள் இருக்காங்க. பிரசவம் முழுக்க ஒரு ஆள் விட்டுப் போகாம கூட இருந்தவங்களுக்குத் தானா நார்மல் ஆகறது அதிகமாவும் சிசேரியன் குறைவாவும் இருந்திருக்கு, வலி நேரம் சராசரியா 40 நிமிஷம் போலக் குறைஞ்சிருக்கு, வலி மருந்து கேட்டதும் கொஞ்சம் குறைவு, பிரசவத்தை நினைச்சா மனசு கசக்குதுன்னு சொன்னவங்களும் குறைவு. கெடுதல்னு எதையும் பார்க்கல. உலக சுகாதார நிறுவனமும் 2018ல வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகள்ல, தாய் தனக்குப் பிடிச்ச துணையைக் கூட வச்சுக்கணும்னு சொல்லியிருக்கு.

பயத்துல இருக்கற உடம்புல அட்ரினலின் ஏறும், அது ஏறினா கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கற ஆக்சிடோசின் மந்தமாகும், வலி விட்டு விட்டு நின்னு போகும். தெரிஞ்ச கை ஒண்ணு இடுப்புல இருந்தா பயம் இறங்கும். நம்ம மாநிலத்துல 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல சிசேரியன் 44.9 சதவீதம், தனியார்ல மட்டும் பார்த்தா 63.8 சதவீதம். இவ்வளவும் துணை இல்லாததாலன்னு நான் சொல்லல, அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு, பல பேருக்கு அந்த ஆபரேஷன்தான் உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா தேவையில்லாத ஒரு ஆபரேஷன் குறைய வாய்ப்பு இருக்குன்னா அந்த வாய்ப்பை விடக் கூடாதுங்கறது என் எண்ணம்.

3. ஆளைத் தேடறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி (5ஆம் மாசம், 20 வாரத்துல இருந்து)

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணைத்தான் படிப்பேன்னா இதைப் படிங்க. எல்லாரும் முதல்ல டூலாவைத் தேடிப் பிடிச்சு அட்வான்ஸ் கட்டிட்டு அப்புறம் ஆஸ்பத்திரில போய்க் கேட்கறாங்க, அங்க வெளி ஆளை விட மாட்டோம்னு சொன்னா கட்டின காசும் போச்சு மனசும் உடையும். அனுமதி முதல்ல, ஆள் அப்புறம்.

அரசு ஆஸ்பத்திரின்னா: பிரசவத் துணை ஒருத்தரை லேபர் ரூமுக்குள்ள அனுமதிக்கணும்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2016லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு, லேபர் ரூம் தரத்தை உயர்த்த 2017 டிசம்பர்ல வந்த லக்‌ஷ்யா திட்டத்துலயும் அது இருக்கு. ஆனா அதுல சொல்ற துணை வீட்டுப் பெண், அதுவும் ஏற்கனவே பிள்ளை பெத்தவங்களா இருந்தா நல்லதுன்னு இருக்கு. தொற்று வியாதி இருக்கக் கூடாது, சுத்தமான துணி போட்டிருக்கணும், பிரசவம் முடியற வரைக்கும் கூடவே இருக்கத் தயாரா இருக்கணும், சிகிச்சைல தலையிடக் கூடாது, பக்கத்துப் பெட்ல இருக்கறவங்களுக்கு எதுவும் செய்யப் போகக் கூடாது. தனித்தனி மறைப்பு இருக்கற இடத்துல வீட்டுக்காரரையும் விடலாம்னு இருக்கு. ஆனா காசு கொடுத்து வச்ச டூலான்னு சொல்லிக்கிட்டுப் போனா விடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சுத்துவட்டார மாவட்டத்துல இருந்தெல்லாம் கேஸ் வருது, அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு துணைங்கறதே பெரிய விஷயம். அரசு ஆஸ்பத்திரிதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நேரா இந்தக் கட்டுரைல 10ஆம் பகுதிக்குப் போங்க, அங்க வேற வழி சொல்லியிருக்கேன்.

தனியார்னா மூணு பேர்கிட்டக் கேட்கணும், ஒருத்தர் சரின்னா போதாது. உங்க டாக்டர், லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், ஆபீஸ்ல நிர்வாகம் பார்க்கறவங்க. எங்களுக்கு நடந்தது இதுதான்: டாக்டரம்மா ஓபில தாராளமா கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க, ஆனா ராத்திரி வலியோட போய் நின்னப்ப டூட்டில இருந்தவங்க அப்படி எங்களுக்கு யாரும் சொல்லலியேன்னு லேபர் வார்டு வாசல்லயே டூலாவை நிறுத்திட்டாங்க. நல்லவேளை ஓபி ஃபைல்ல டாக்டர் கைப்பட எழுதின ஒரு வரி இருந்துச்சு, அதைக் காட்டினதும் ஃபோன் போட்டுக் கேட்டு உள்ள விட்டாங்க. அந்த வரி இல்லைன்னா என் தங்கச்சி தனியாத்தான் இருந்திருப்பா. வாய் வார்த்தைக்கு ஷிஃப்ட் மாறினா மதிப்பு இல்ல.

கேட்க வேண்டியதை ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க, ஓபி கூட்டத்துல பாதி மறந்துடும்:

- லேபர் ரூமுக்குள்ள எத்தனை பேரை விடுவீங்க? டூலாவையும் வீட்டுக்காரரையும் ரெண்டு பேரையும் விடுவீங்களா, இல்ல ஒருத்தர்தானா?
- வலி வந்து அட்மிட் ஆனதுல இருந்தா, இல்ல கடைசி நேரத்துல மட்டுமா?
- ராத்திரி, ஞாயித்துக்கிழமை, பண்டிகை நாள்லயும் இதே ரூல்தானா?
- உங்க டாக்டர் ஊர்ல இல்லைன்னா பதிலுக்கு வர்ற டாக்டர் ஒத்துக்குவாங்களா?
- வலில நடக்கலாமா, தண்ணி, கஞ்சி குடிக்கலாமா, குந்தியோ ஒருக்களிச்சோ முக்கலாமா?
- சிசேரியன்னா தியேட்டருக்குள்ள யாரையாவது விடுவீங்களா?
- கூட ஒரு ஆளுக்குத் தனி சார்ஜ் உண்டா?

சரின்னு சொன்னா ஒரு லெட்டர் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்க. நாங்க கொடுத்தது இவ்வளவுதான்:

"ஐயா / அம்மா, என் பெயர் ______, பிரசவ தேதி ______. பிரசவத்தின்போது என்னுடன் துணையாக இருக்க ______ என்பவரை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் மருத்துவம் சார்ந்த எந்த வேலையும் செய்யமாட்டார், சிகிச்சையில் தலையிடமாட்டார், மருத்துவமனை விதிகளுக்குக் கட்டுப்படுவார். அவருடைய ஆதார் நகல் இணைத்துள்ளேன்."

ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணுல டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி சீலும் வாங்கி உங்க ஃபைல்ல முதல் பக்கமா வைங்க. லெட்டர் பேட் எல்லாம் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். சில டாக்டர் டூலான்னு சொன்னதுமே முகத்தைச் சுழிப்பாங்க, யாரோ வந்து நம்ம வேலைல குறை சொல்லப் போறாங்கன்னு ஒரு பயம் அவங்களுக்கு. அதனால டூலாங்கற வார்த்தைய விட்டுட்டு, கூட இருந்து இடுப்பு பிடிச்சு விட ஒரு பயிற்சி எடுத்த அக்கா இருக்காங்க மேடம்னு ஆரம்பிங்க, பேச்சு சுமுகமாப் போகும். அப்புறமா முழுசா விளக்குங்க, மறைச்சு உள்ள கூட்டிட்டுப் போக மட்டும் பார்க்காதீங்க.

4. ஆளைத் தேடறது (24 முதல் 30 வாரம்)

சேலத்துலயே ஆள் கிடைக்கறது கஷ்டம்தான், எங்களுக்குப் பேச்சு வார்த்தை நடந்தது பெரும்பாலும் கோயமுத்தூர், பெங்களூர் பக்கத்து ஆளுங்களோட. ரெண்டு ஊர்ல இருந்தும் நம்ம ஊருக்கு ரோட்டுல மூணு நாலு மணி நேரம். ரெண்டாவது, மூணாவது பிரசவம்னா அதுக்குள்ள குழந்தையே பிறந்துடும், அதனால டேட்டுக்கு முன்னாடியே வந்து சேலத்துல தங்குவாங்களான்னு கேளுங்க. முதல்ல கர்ப்பிணிகளுக்கு யோகா, பிரசவ வகுப்பு எடுக்கறவங்ககிட்ட விசாரிங்க, தாய்ப்பால் ஆலோசனை சொல்றவங்ககிட்ட விசாரிங்க, அவங்களுக்குத்தான் ஆள் தெரியும்.

நம்ம நாட்டுல டூலாவுக்குன்னு அரசு லைசென்ஸ் எதுவும் கிடையாது, நர்ஸ் மாதிரி கவுன்சில் பதிவும் இல்ல. டோனா, காப்பா மாதிரி வெளிநாட்டு அமைப்புகளோட சர்டிபிகேட் வச்சிருப்பாங்க, அது பயிற்சி முடிச்சதுக்கான சர்டிபிகேட். அதை வாங்கிப் பாருங்க, ஆனா அதை விட முக்கியமா அவங்க கூட இருந்து பார்த்த பிரசவம் எத்தனை, நம்ம ஊர் மாதிரி இடத்துல இருந்திருக்காங்களா, சமீபத்துல பிரசவம் ஆன ரெண்டு பேர்கிட்ட பேச முடியுமான்னு கேளுங்க. பேசினா பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

இப்படிப் பேசறவங்க வேண்டவே வேண்டாம்:

- நான் வந்தா நார்மல் கேரண்டின்னு சொல்றவங்க. அந்த கேரண்டியை டாக்டராலயே தர முடியாது.
- ஸ்கேன் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம், தடுப்பூசி வேண்டாம்னு சொல்றவங்க.
- வலி வந்தாலும் கடைசி வரைக்கும் வீட்டுலயே இழுத்துப் பிடிச்சு இருங்க, ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டிடுவாங்கன்னு பயமுறுத்தறவங்க.
- எபிடியூரல், அதாவது வலி தெரியாம இருக்க முதுகுல போடற ஊசி, போட்டா நான் கூட இருக்க மாட்டேன்னு சொல்றவங்க. வலி மருந்து வேணுமா வேண்டாமாங்கறது வலிக்கறவங்க முடிவு, எபிடியூரல் போட்டாலும் டூலாவுக்கு வேலை இருக்கு.
- தனக்கு உடம்பு சரியில்லைன்னா பதிலுக்கு யார் வருவாங்கன்னு சொல்ல முடியாதவங்க.

இன்னொண்ணு, பாஷை. வலி உச்சத்துல இங்கிலீஷ்ல பேசற அறிவுரை காதுல ஏறாது. தமிழ்ல மனசு விட்டுப் பேசறவங்களா பாருங்க.

5. செலவு

எங்ககிட்ட சொன்ன ரேட் 20,000ல ஆரம்பிச்சு 45,000 வரைக்கும் போச்சு, பிரசவத்துக்கு முன்னாடி ரெண்டு மூணு சந்திப்பு, பிரசவம், அப்புறம் வீட்டுக்கு ஒரு தடவை வர்றது எல்லாம் சேர்த்து. போக்குவரத்து, தங்கற ரூம், சாப்பாடு தனி, வெளியூர்ல இருந்து வர்றவங்கன்னா இதுவே நல்ல தொகை ஆகும். ஃபோன்லயும் வீடியோ கால்லயும் மட்டும் துணைக்கு இருக்கறவங்க இதுல கால்வாசிதான் கேட்டாங்க. இது எங்களுக்குச் சொன்னது, உங்களுக்கு மாறும், ரெண்டு மூணு பேர்கிட்டக் கேட்டுப் பாருங்க.

பாதி அட்வான்ஸ், மீதி பிரசவத்துக்கு அப்புறம்னு பேசிக்கோங்க. முழுசையும் முன்னாடியே கட்டாதீங்க. பணத்தைக் கையில கொடுக்காம ஜிபேலயோ பேங்க்லயோ போடுங்க, ரசீது வாங்குங்க. அப்புறம் இதெல்லாம் எழுத்துல இருக்கணும்: டேட்டுக்கு முன்னாடியே வலி வந்து அவங்களால வர முடியலைன்னா எவ்வளவு திருப்பித் தருவாங்க, முன்னாடியே தேதி குறிச்சு சிசேரியன்னு ஆயிட்டா என்ன, ஆஸ்பத்திரி கடைசி நேரத்துல உள்ள விடலைன்னா என்ன, 24 மணி நேரத்துக்கு மேல வலி போனா எக்ஸ்ட்ரா உண்டா, எந்த வாரத்துல இருந்து எந்த வாரம் வரைக்கும் கூப்பிட்டா வருவாங்க. பொதுவா 38ல இருந்து 42 வாரம்னு சொல்வாங்க, நீங்க 37ல இருந்து கேளுங்க.

இன்சூரன்ஸ்ல இந்தக் காசு வரும்னு நம்பிக் கணக்குப் போடாதீங்க. ஆஸ்பத்திரி பில்லுல வராத செலவு இது.

6. வீட்டுல பேசறது

இது பேப்பர் வேலையை விடப் பெருசு. நம்ம வீடுகள்ல பிரசவத்துக்கு அம்மா கூட இருக்கறதுதான் முறை, மாமியாரும் வந்து உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தரைத்தான் உள்ள விடுவோம்னு ஆஸ்பத்திரி சொல்லி அந்த ஒருத்தர் காசு கொடுத்து வச்ச யாரோன்னா, வாசல்ல உட்கார்ந்திருக்கற ரெண்டு அம்மாக்களுக்கும் அது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. எங்க அம்மா ரெண்டு நாள் பேசவே இல்ல. நான் பெத்தவதானே, எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரியப் போகுதுன்னு கேட்டாங்க, அந்தக் கேள்வில நியாயம் இருக்கு.

எங்களுக்கு உதவினது டூலாவை முன்னாடியே வீட்டுக்கு வர வச்சதுதான். ஏழாம் மாசத்துலயே வந்து அம்மாகிட்ட உட்கார்ந்து உங்க பிரசவம் எப்படி இருந்துச்சும்மான்னு கேட்டாங்க, இத்தனை வருஷத்துல அதை யாருமே அம்மாகிட்டக் கேட்டது இல்ல, அம்மா அழுதுட்டாங்க. ஆஸ்பத்திரில தனியா விட்டுட்டாங்க, திட்டினாங்க, கத்தாதன்னு அடிச்சாங்கன்னு எல்லாத்தையும் சொன்னாங்க. அதுக்கப்புறம் அம்மாவே டூலாகிட்ட, என் பொண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது, நீ உள்ள இருன்னு சொல்லிட்டாங்க. மாமியாருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தோம், குழந்தையை முதல்ல வெளியில வாங்கறது அவங்கதான்னு. இதை எல்லாம் முன்கூட்டியே பேசி வைங்க, லேபர் வார்டு வாசல்ல சண்டை போட்டா உள்ள இருக்கறவளுக்குக் கேட்கும்.

7. ஃபைல்ல இருக்க வேண்டியது (36 வாரத்துக்குள்ள)

ஒரே ஒரு ஃபைல், ரெண்டு ஜெராக்ஸ் செட். பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்தைப் பதிவு பண்ணும்போது கொடுக்கற 12 இலக்க நம்பர், இது இல்லைன்னா பின்னாடி பிறப்பு சான்றிதழுக்கு அலையணும், இன்னும் பதியலைன்னா உடனே உங்க ஏரியா நர்ஸைப் பாருங்க. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம், ரத்த வகை, ஹீமோகுளோபின், சுகர், எச்ஐவி, மஞ்சள் காமாலை டெஸ்ட் ரிப்போர்ட், ரெண்டு பேர் ஆதார், காப்பீட்டு அட்டை. அதோட டூலாவோட ஆதார் ஜெராக்ஸ், சர்டிபிகேட் ஜெராக்ஸ், கையெழுத்து வாங்கின அந்த லெட்டர்.

8. ஒரு பக்கத்துல உங்க விருப்பம்

டூலா கூட உட்கார்ந்து எழுதுவீங்க, ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ரெண்டு பக்கம்னா டூட்டி சிஸ்டர் படிக்க மாட்டாங்க. எங்க பேப்பர்ல இருந்தது: எல்லாம் நல்லபடியா இருந்தா நடக்க விடுங்க, தையல் போடற வெட்டு தேவைப்பட்டா மட்டும், சொல்லிட்டுப் போடுங்க, தொப்புள்கொடியை ஒரு நிமிஷமாவது கழிச்சு வெட்டுங்க, குழந்தையை உடனே நெஞ்சு மேல போடுங்க, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால், நாங்க கேட்காம பவுடர் பால் வேண்டாம். இதெல்லாம் உலக சுகாதார நிறுவனமே சொல்றதுதான், டாக்டர்கிட்ட முன்னாடியே காட்டினா பெரும்பாலும் தலையாட்டுவாங்க. கடைசி வரியா, அவசரம்னா டாக்டர் முடிவுப்படினு கட்டாயம் எழுதுங்க. அந்த ஒரு வரி இருந்தா மத்ததை எல்லாம் மரியாதையாப் படிப்பாங்க.

9. வலி வந்த நாள், மலை மேல இருந்து இறங்கறது

ஏற்காட்டுல, சுத்தி இருக்கற கிராமம், எஸ்டேட்ல இருக்கறவங்க கவனமாப் படிங்க. டவுன்ல இருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர் போலத்தான், ஆனா 20 கொண்டை ஊசி வளைவு, வலியோட கார்ல உட்கார்ந்து இறங்கறது கொடுமை. மழைக்காலத்துல பாறை உருண்டு, மண் சரிஞ்சு ரோடு அடைபடும், பனி இறங்கினா பத்தடி தெரியாது, மே மாசம் கோடை விழா நேரத்துல வண்டிக் கூட்டம், குப்பனூர் பாதைப் பக்கமா வண்டியைத் திருப்பி விடறதும் உண்டு. அதனால 37 வாரத்துல கீழ இறங்கி சேலத்துல தாய்வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ தங்கிடுங்க. தங்க இடம் இல்லாதவங்களுக்கு, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவத்துக்கு முன்னாடியே வந்து தங்கற காத்திருப்பு அறை வசதி தமிழ்நாட்டுல இருக்கு, உங்க பக்கத்துல எங்கன்னு கிராம சுகாதார நர்ஸ்கிட்டக் கேளுங்க. டூலாவை மேல வரச் சொல்லாதீங்க, அவங்க ஏறி வர்ற நேரத்துல நீங்க இறங்கியிருக்கணும்.

சேலத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு, தலைப்பிரசவம்னா வலி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் போல, இப்படியே ஒரு மணி நேரம் நிக்காம வந்தா கிளம்பற நேரம். லேசான வலி ஆரம்பிச்சதுமே டூலாவுக்கு ஃபோன் போட்டுடுங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு அந்த நேரம் வேணும். உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவங்க சொன்னதுதான் கணக்கு.

இதுல எது நடந்தாலும் டூலாவுக்காக ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காதீங்க, 108 கூப்பிட்டு நேரா ஆஸ்பத்திரி: ரத்தம் போனா, பனிக்குடத் தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ வந்தா, குழந்தை அசைவு குறைஞ்சா, விடாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன்னாடியே வலி. பனிக்குடம் உடைஞ்சு தண்ணி தெளிவா வந்தாலும் வலி வரட்டும்னு வீட்டுல உட்காராதீங்க.

உள்ள போனதும் டூலா முதல்ல டூட்டி சிஸ்டருக்கு வணக்கம் சொல்லி லெட்டரைக் காட்டட்டும், நீங்க இடையில பேசாதீங்க. ஷிஃப்ட் மாறும்போது புதுசா வர்றவங்ககிட்டயும் திரும்பச் சொல்லணும். போட்டோ, வீடியோ எடுக்காதீங்க, பக்கத்து பெட்ல இன்னொரு பொண்ணு இருப்பா, அதோட இந்தக் காரணத்துக்காகவே வெளிய அனுப்பிடுவாங்க. சிசேரியன்னு முடிவானா டூலாவைத் தியேட்டருக்குள்ள பெரும்பாலும் விட மாட்டாங்க. அப்ப அவங்க காசு வீண்னு நினைக்காதீங்க, வெளியில வந்ததும் தையல் வலியோட குழந்தையை எப்படிப் பிடிக்கறது, படுத்துக்கிட்டே எப்படிப் பால் கொடுக்கறதுன்னு சொல்லிக் கொடுக்கத்தான் அந்த நேரத்துல ஆள் தேவை. என் தங்கச்சிக்கு நார்மல்தான் ஆச்சு, ஆனா ஆபரேஷன் ஆகியிருந்தாலும் அந்தக் காசை நான் சந்தோஷமாக் கொடுத்திருப்பேன்.

10. டூலா வைக்க வசதி இல்லைன்னா, இல்ல அரசு ஆஸ்பத்திரின்னா

மனசை விடாதீங்க. அந்த ஆய்வுத் தொகுப்புல சொந்தக்காரங்க, தோழி துணைக்கு இருந்ததும் இருக்கு, அவங்க இருந்தாலே பிரசவம் திருப்தியா இருந்துச்சுன்னு சொன்னவங்க அதிகம். வீட்டுல ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுங்க, சொந்தம்ங்கறதுக்காகப் பெரியவங்களையே அனுப்பணும்னு இல்ல. பதறாத ஆள் வேணும், ரத்தத்தைப் பார்த்து மயங்காத ஆள் வேணும், அய்யோ பாவம் இவ்ளோ வலிக்குதேன்னு கூடச் சேர்ந்து அழற ஆள் வேண்டாம். எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா இருக்காங்க, படிப்பு இல்ல, ஆனா அவங்க பக்கத்துல உட்கார்ந்தா மாடு கன்னு கூட அமைதியாகும், அப்படிப்பட்டவங்கதான் சரியான துணை.

எட்டாம் மாசத்துல இருந்து அவங்களைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க, நர்ஸ்கிட்ட இவங்கதான் என் கூட இருப்பாங்கன்னு சொல்லி அறிமுகப்படுத்துங்க. வீட்டுல தினமும் ஒரு பத்து நிமிஷம் பழகுங்க: வலி வர்றப்ப ரெண்டு உள்ளங்கையால இடுப்புக்குக் கீழ, வால் எலும்புக்கு மேல இருக்கற இடத்தை அழுத்திப் பிடிக்கறது, எவ்வளவு அழுத்தம் வேணும்னு கர்ப்பிணிதான் சொல்லணும். மூக்கால இழுத்து வாயால மெதுவா விடறது, கூடவே சேர்ந்து விடணும், விடு விடுன்னு கட்டளை போடக் கூடாது. அரைமணிக்கு ஒரு தடவை படுத்திருக்கற பக்கம் மாத்தறது, ஒண்ணுக்குப் போக ஞாபகப்படுத்தறது, டாக்டர் விட்டா தண்ணி கொடுக்கறது. வயித்தை மேல இருந்து அமுக்கவே கூடாது, இதைக் கண்டிப்பாச் சொல்லி வைங்க, சில வீட்டுல பழைய பழக்கமா செய்வாங்க.

சுத்தமான பருத்திச் சேலை ரெண்டு, செருப்பு ஒரு ஜோடி, துண்டு, தண்ணி பாட்டில், பிஸ்கட் பாக்கெட், சார்ஜ் போட்ட ஃபோன், இதெல்லாம் துணைக்குப் போறவங்களுக்குன்னு தனிப் பையில வைங்க. அவங்க சாப்பிடாம மயங்கி விழுந்தா துணையே இல்லாமப் போயிடும், அதனால ரெண்டாவதா ஒருத்தரையும் தயார் பண்ணி வச்சுட்டு ஆஸ்பத்திரில மாத்தி மாத்தி விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. நிறைய இடத்துல ஒருத்தர் உள்ள போயிட்டா மாத்த விட மாட்டாங்க.

குழந்தை பிறந்த 21 நாளுக்குள்ள பிறப்பைப் பதிவு பண்ணணும், பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அனுப்பிடும், ஆனா டிஸ்சார்ஜ் ஆகறப்ப அப்பா அம்மா பேர் எழுத்துப்பிழை இல்லாம எழுதியிருக்காங்களான்னு அந்த ஃபாரத்தை வாங்கி நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க, டூலாவுக்கு மீதிப் பணத்தையும் அன்னைக்கே போட்டு ரசீது வாங்கி அதே ஃபைல்ல வச்சுடுங்க.